பதின்மூன்றாம் படுக்கை

ஜூன் 3, திங்கள்

இன்று ஒன்பதாம் படுக்கையின் குழாயில் ஒரு எண்ணெய்ப் பொட்டு மிதந்தது.

திங்கட்கிழமை காலைகளில் ஐ.சி.யூ. சிஸ்டர்கள் ஒவ்வொரு நோயாளியின் கக்கத்திலும் தொடை இடுக்கிலும் பஞ்சுக்குச்சியால் தடவி, குச்சியை ஒரு குழாய்க்குள் முறித்துப் போட்டுக் கொடுப்பார்கள். பன்னிரண்டு படுக்கை, பன்னிரண்டு குழாய். நான் மாடி ஏறி, கதவுக்கு வெளியே நின்று, தட்டை வாங்கி லேபுக்குக் கொண்டுவர வேண்டும். உள்ளே போக எனக்கு அனுமதி கிடையாது. லேபிள் எழுதி ஒட்டுவதும் நான்தான். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று எங்கள் லேபின் டாக்டர் சபூரா பிப்ரவரி மாதம் ஒருநாள் சொன்னார். அதிலிருந்து அந்த வேலை என் தலையில் வந்துவிட்டது. மற்றபடி குழாய் கழுவுவது, தரை துடைப்பது, கிருமி வளர்த்த பழைய பிளேட்டுகளைப் பையில் கட்டி நீராவியில் வேகவைத்து எறிவது.

குழாயில் இருப்பது தெளிந்த மஞ்சள் நீர். அதன்மேல் மிளகு அளவுக்கு, வட்டமாக, பளபளவென்று அந்தப் பொட்டு. ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தேன். எட்டாம் படுக்கையின் குழாயிலும் இருந்தது, இன்னும் சின்னதாக. ஜெபசிங் அண்ணனிடம் காட்டலாமா என்று நினைத்தேன். அவர்தான் லேப் டெக்னீஷியன். போனில் பேசிக்கொண்டிருந்தார். கிருமி வளர்க்கும் சூட்டுப் பெட்டிக்குள் அடுக்கிவிட்டு வந்துவிட்டேன்.

ஜூன் 4, செவ்வாய்

நூற்றி நாற்பது குழாய் கழுவினேன். விரல் நுனியெல்லாம் சுருங்கிவிட்டது.

ஜூன் 6, வியாழன்

திங்கட்கிழமைக் குழாய்களிலிருந்து தடவிய பிளேட்டுகளைப் பார்க்கும் நாள். எட்டிலும் ஒன்பதிலும் முளைத்திருக்கிறது. வெளிறிய புள்ளிகள், அவற்றைச் சுற்றி நீலம் கசிந்தாற்போல் வளையம். டாக்டர் பிளேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரிஜிஸ்டரில் எழுதினார்.

இது ஒருவகை ஈஸ்ட். ஜெபசிங் அண்ணன் யாராவது புதிதாக வந்தால் சொல்லும் கதையை இன்று பயிற்சிக்கு வந்த இரண்டு பிள்ளைகளிடம் சொன்னார். "ரொட்டி மாவப் பொங்க வைக்குதுல்லா, அதுக்குச் சொந்தக்காரப் பய. ஆனா இவன் ரவுடி. தோல்ல சும்மாதான் ஒக்காந்திருப்பான். குழா சொருகுன ஓட்ட எங்கன இருக்குன்னு பாத்து ரத்தத்துக்குள்ள எறங்கிருவான். எறங்கிட்டான்னா மருந்து மூணே மூணுதான். மொத மருந்த இவன் மதிக்கவே மாட்டான். ரெண்டாவது கொஞ்சம் அடிக்கும், கூடவே கிட்னியையும் அடிக்கும். மூணாவதுதான் நம்ம ஆளு."

"மூணாவதும் கேக்கலன்னா?" என்று ஒரு பிள்ளை கேட்டது.

"அதுக்குத்தான் டாக்டரம்மா வாராவாரம் ரிஜிஸ்டரக் கட்டிக்கிட்டு அழுதாவ."

ஒன்பதாம் படுக்கையில் இருப்பது பாக்கியவதி என்று ஒரு அங்கன்வாடி டீச்சர். அவர் ரத்தத்திலேயே அது இருக்கிறது. மூன்றாவது மருந்து போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

சாயங்காலம் பேட்டை பஸ்ஸில் அம்மாவும் நானும் சேர்ந்து வந்தோம். அம்மா ஐ.சி.யூ.வில் ஆயாம்மா. விரிப்பு மாற்றுவது, உடம்பு துடைப்பது, புரட்டிப் போடுவது. அவளுக்குக் கான்ட்ராக்ட் முடிய இரண்டு மாதம் இருக்கிறது. அவள் சொல்லித்தான் எனக்கு லேபில் வேலை கிடைத்தது.

"பத்தாம் பெட்டுக்கு ஒரு பிள்ள வந்துருக்கு. கோமதின்னு பேரு. பிள்ள பெத்து ஒம்பது நாளுதான் ஆவுது. காய்ச்சல் வுட மாட்டேங்கு. எம்மாடி, முடின்னா முடி, கட்டிலத் தாண்டித் தொங்குது" என்றாள் அம்மா. "சிஸ்டர்தான் தொட விட மாட்டேங்காவ. கழுத்துல குழா போட்டுருக்காவளாம், அசஞ்சிருமாம்."

"தொடாட்டா என்னம்மா?"

"என்னவா? நல்லா கேட்ட போ."

ஜூன் 7, வெள்ளி

நேற்றுக் கேட்டதற்கு இன்று பதில் சொன்னாள். சட்னி அரைத்துக்கொண்டே.

"கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு பாக்குறவனுக்கு மிஷினத் தெரியுமா, அதுல ஓடுற கோட்டத் தெரியுமா? அவன் தலயத்தான் பாப்பான். பொம்பள தலய விரிச்சுப் போட்டுக் கெடந்தா, போச்சுன்னு நெனச்சிருவான். செத்த வீட்டுலதான முடிய அவுத்துப் போடுவாவ? எண்ண தேச்சு, சீவி, ரெட்டச் சட போட்டு முன்னால எடுத்து வுட்டேன்னு வையி, உறங்குதான்னு நெனச்சுக்கிட்டு வீட்டுக்குப் போவான். அன்னைக்கு ஒருநேரம் சோறு திம்பான்."

காலையில் உடம்பு துடைத்து முடித்ததும், பதினோரு மணிக்குச் சொந்தக்காரர்கள் வருவதற்குள் பெண்கள் வரிசை முழுவதும் பின்னிவிடுவாளாம். ஏழிலிருந்து பன்னிரண்டு வரை. யாரும் சொல்லிச் செய்வதில்லை. சிஸ்டர்களுக்கும் அது பிடித்திருக்கிறது. டாக்டர் யாராவது வந்தால் மட்டும் சீப்பை இடுப்பில் செருகிக்கொள்வாளாம்.

ஒரே சீப்பா என்று நான் கேட்கவில்லை. அலமாரியில் அந்தக் கறுப்புச் சீப்பு இருந்தது. வேறு சீப்பு எங்கள் வீட்டில் அம்மாவுக்குக் கிடையாது.

ஜூன் 10, திங்கள்

ஏழு, எட்டு, ஒன்பது, பதினொன்று. நான்கு குழாயிலும் எண்ணெய் மிதந்தது. பன்னிரண்டாம் படுக்கை காலி. ஒன்று முதல் ஆறு வரை ஆண்கள், ஒன்றிலும் இல்லை. பத்திலும் இல்லை.

சடையை முன்னால் எடுத்துத் தோளில் போட்டால் நுனி எங்கே வந்து விழும் என்று என் சடையை வைத்துப் பார்த்தேன். கக்கத்தில் விழுகிறது.

ஜூன் 11, செவ்வாய்

குழாய் கழுவினேன். இரண்டு உடைந்தது. ஜெபசிங் அண்ணன், "என்ன முப்பி, ஊர்ல கல்யாணப் பேச்சா?" என்றார். என் பெயர் முப்பிடாதி. அவர் மட்டும்தான் இப்படிச் சுருக்குவார்.

ஜூன் 13, வியாழன்

ஏழு, எட்டு, ஒன்பது, பதினொன்று. நான்கிலும் முளைத்திருக்கிறது. பத்து சுத்தம். ஆண்கள் ஆறு பேரும் சுத்தம்.

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ரிஜிஸ்டரை ஒரு மாதம் பின்னால் புரட்டினார். "பொம்பளைங்க மட்டும். ஒரே டாக்டர்தான், ஒரே சிஸ்டர்தான், ஒரே தெர்மாமீட்டர்தான். அப்புறம் எப்படி இந்தப் பக்கம் மட்டும்?" என்று தனக்குத்தானே கேட்டார். "பத்துல இருக்கிறதும் பொம்பளதானே? அவளுக்கு மட்டும் ஏன் வரல?"

ஜெபசிங் அண்ணன், "அது இப்போதான வந்துருக்கு. வரிசையில நிக்கும் டாக்டர்" என்றார். டாக்டர் அவரை முறைத்துப் பார்த்தார்.

நான் பிளேட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். சொல்ல வாயெடுத்தேன் என்றுதான் நினைக்கிறேன். அதற்குள் டாக்டருக்கு மீட்டிங்குக்கு நேரமாகிவிட்டது.

ஜூன் 14, வெள்ளி

ஐ.சி.யூ. முழுவதும் சோதனை. கட்டில் கம்பி, தெர்மாமீட்டர், பி.பி. பட்டை, திரைச்சீலை, தண்ணீர்க் குழாய், சிஸ்டர்களின் பேனா. நாற்பத்திரண்டு குச்சி. எல்லாவற்றுக்கும் லேபிள் எழுதிக் கை வலிக்கிறது.

வீட்டுக்கு வந்து அம்மா சிரித்துக்கொண்டே சொன்னாள். "மெர்லின் சிஸ்டர் என் வாளியக்கூட வுடல. அதுக்குள்ளயும் குச்சிய வுட்டுத் தடவுதாவ. எங்கிட்ட என்ன இருக்கு, ஒரு சீப்பு. அத ஜாக்கெட்டுக்குள்ள வச்சுக்கிட்டேன். பாத்தா, ஆயாம்மாவுக்கு இங்கன என்ன அலங்காரம்னு ஏசுவாவ."

நானும் சிரித்தேன்.

ஜூன் 15, சனி

ஒன்பதாம் படுக்கை இறந்துவிட்டது.

நேற்று அவர் ரத்தத்திலிருந்து எடுத்த ஈஸ்டின்மேல் மருந்துக்கு ஒன்றாக, மருந்து தடவிய மூன்று ஸ்டிரிப் வைத்திருந்தார்கள். மருந்து கேட்டால் ஸ்டிரிப்பைச் சுற்றி முளைக்காமல் முட்டை வடிவத்தில் ஓர் இடம் வெளுத்துக் கிடக்கும். இன்று காலை மூன்றாவது ஸ்டிரிப்பைச் சுற்றியும் ஒன்றுமில்லை. கம்பளி போர்த்தியதுபோல் ஓரம்வரை முளைத்திருந்தது. மே மாதம் இதே ஆளுக்கு நன்றாக வெளுத்திருந்தது என்று டாக்டர் ரிஜிஸ்டரைக் காட்டிச் சொன்னார். அவர் குரலே மாறிவிட்டது.

பஸ்ஸை விட்டு இறங்கும்போது அம்மா, "டீச்சருக்கு நான்தான் சடைய அவுத்து வுட்டேன்" என்றாள்.

ஜூன் 16, ஞாயிறு

அம்மாவிடம் சொன்னேன். நேராகச் சொல்லவில்லை. "அந்தச் சீப்ப டெய்லி பிளீச்சிங் தண்ணியில போட்டு எடும்மா" என்றேன்.

"போட்டா பல்லு உதிந்துரும்."

"ஆளுக்கு ஒரு சீப்பு வச்சுக்கோயேன்."

"ஏட்டி, அவளுவ என்ன பேன் புடிச்சா கெடக்காளுவ? மூச்சு வுடவே மிஷின் வேணும்." பிறகு என்னை உற்றுப் பார்த்தாள். "யாராவது எதுவும் சொன்னாவளா?"

"இல்லம்மா."

அவள் குளிக்கப் போனதும் சீப்பை எடுத்து பிளாஸ்டிக் பையில் சுற்றி என் பைக்குள் வைத்துக்கொண்டேன். ஒன்பதாம் வகுப்பு அரைப்பரீட்சை சமயத்தில் அம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தது. பெரியாஸ்பத்திரியில் பதினோரு நாள். நான்தான் கூட இருந்தேன். குழாய்கள் இருந்ததால் எனக்குப் பயம், அருகில் போகமாட்டேன். வீட்டுக்கு வந்தபோது அம்மாவின் முடி தேங்காய் நார்போல் சிக்குப் பிடித்திருந்தது. பக்கத்து வீட்டு அத்தை கத்திரி வைத்துத்தான் எடுத்தார்கள். அப்புறம் நான் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. இதை ஏன் இன்று எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

ஜூன் 17, திங்கள்

பக்ரீத். டாக்டர் லீவு. இல்லாவிட்டால் சொல்லியிருப்பேன்.

மாடியிலிருந்து தட்டை வாங்கி வரும் வழியில், படிக்கட்டுத் திருப்பத்தில் தட்டைக் கீழே வைத்தேன். தட்டில் ஒரு குழாயும் குச்சியும் எப்போதும் கூடுதலாக இருக்கும். சீப்பை வெளியே எடுத்துப் பல் இடுக்கெல்லாம் குச்சியால் உருட்டித் தேய்த்தேன். பஞ்சு கறுத்துவிட்டது. குழாய்க்குள் முறித்துப் போட்டேன். பெயர் இல்லாத குழாயை லேபில் எடுத்துக்கொள்ளமாட்டார்கள், எறிந்துவிடுவார்கள். என்ன எழுதுவது என்று கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு '13' என்று எழுதினேன்.

ஒன்பதும் பன்னிரண்டும் காலி. ஆனாலும் ஜெபசிங் அண்ணன் எண்ணாமலே நோட்டில் பன்னிரண்டு என்று கையெழுத்துப் போட்டார். எப்போதும் அப்படித்தான் போடுவார்.

சாயங்காலம் அம்மா, "சீப்பக் காணலட்டி. எங்க வச்சேன்னே தெரியல" என்றாள். ஆஸ்பத்திரி வாசல் கடையில் புதிதாக ஒன்று வாங்கிவிட்டாளாம். பச்சை நிறம். காலையிலேயே ஏழு, எட்டு, பதினொன்றுக்குப் பின்னியும்விட்டாள்.

ஜூன் 18, செவ்வாய்

வெள்ளிக்கிழமை எடுத்த நாற்பத்திரண்டில் ஒன்பதாம் படுக்கையின் கட்டில் கம்பியில் மட்டும் முளைத்திருக்கிறது. தெர்மாமீட்டர் சுத்தம். பட்டை சுத்தம். பேனா சுத்தம். டாக்டர் எல்லோருக்கும் பிரியாணி கொண்டுவந்திருந்தார். அவர் சாப்பிடவில்லை.

ஜூன் 20, வியாழன்

பத்து இன்னமும் சுத்தம்.

பதின்மூன்றில் இடமே இல்லாமல் முளைத்திருந்தது.

"இது என்ன பதிமூணு?" என்றார் டாக்டர்.

ஜெபசிங் அண்ணன் எட்டிப் பார்த்தார். "மூணா இருக்கும் டாக்டர். முன்னால ஒண்ணு வுழுந்துருக்கும்."

"மூணு இங்க இருக்கு. சுத்தமா இருக்கு. முப்பிடாதி, லேபிள் நீதானே எழுதுற?"

"ஆமா டாக்டர்."

"இந்தக் குழாய் எங்கேயிருந்து வந்துச்சு?"

"தட்டுல இருந்துச்சு டாக்டர்."

அது பொய் இல்லை. தட்டில்தான் இருந்தது.

டாக்டர் கையெழுத்து நோட்டை எடுத்துவரச் சொன்னார். பன்னிரண்டு என்று இருந்தது. "ஒன்பதும் பன்னிரண்டும் காலி, வரவேண்டியது பத்துக் குழாய். பன்னிரண்டுன்னு கையெழுத்துப் போட்டு பதினொண்ணு வாங்கியிருக்கீங்க. இதுல எது யாரோடதுன்னு நான் எப்படி நம்புறது? பத்து சுத்தம்னு மேல சொல்லியிருக்கேன். அது நிஜமா பத்துதானா?" என்று கேட்டார். ஜெபசிங் அண்ணனைச் சனிக்கிழமைக்குள் எழுத்தில் விளக்கம் தரச் சொல்லிவிட்டார். அதற்குள் யாரோ ஒரு நோயாளியின் குழாய் என்று வைத்துக்கொண்டு பதின்மூன்றின்மேலும் மூன்று ஸ்டிரிப் வைக்கச் சொன்னார்.

அவர் போனபிறகு ஜெபசிங் அண்ணன் நெடுநேரம் கையைக் கழுவினார். "எட்டு வருசத்துல ஒரு மெமோ கெடையாது முப்பி" என்றார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஜூன் 21, வெள்ளி

நெல்லையப்பர் கோயில் தேரோட்டம். பஸ்ஸை எங்கெங்கோ சுற்றி விட்டார்கள். லேபுக்குப் போய்ச் சேர ஒன்பதரை ஆகிவிட்டது. டாக்டர் காலேஜில் பரீட்சை நடத்தப் போயிருந்தார்.

அம்மா சந்தோஷமாக வந்தாள். "அந்தப் பிள்ளைக்குக் கழுத்துக் குழாய எடுத்துட்டாவ. காய்ச்சல் விட்டுருச்சு. கையில மட்டும் ஒரு குழா இருக்கு. நாளைக்குத் தலைக்கு ஊத்திப் பின்னிவுடச் சொல்லிட்டாவ சிஸ்டர். அவ வீட்டுக்காரன் ரிப்பன் வாங்கியாரேன்னு போயிருக்கான். ரெண்டு வாரமா அந்தப் பையன் கண்ணாடியில மூஞ்சிய வச்சுக்கிட்டு நின்னத நீ பாக்கணும்."

"அவளுக்குப் பின்னாதம்மா."

"ஏன்?"

இந்தத் தடவை சொன்னேன். எண்ணெய் மிதந்தது, பிளேட், பெண்கள் வரிசை, கறுப்புச் சீப்பு, பதின்மூன்று. தொடர்ச்சியாகச் சொல்ல வரவில்லை. முன்னுக்குப் பின்னாகச் சொன்னேன். அம்மா சோற்றுத் தட்டில் கையை வைத்தபடியே இருந்தாள்.

"சீப்ப நீதான் எடுத்தியா?"

"ஆமா."

"டீச்சரு என்னாலயா செத்தாவ?"

"அப்படிச் சொல்லலம்மா. அவங்களுக்கு முன்னாலயே ரத்தத்துல இருந்துச்சு. அவங்க கிட்டேயிருந்து சீப்புக்கு வந்து, சீப்புலேயிருந்து..."

"அப்போ புதுச் சீப்பு?"

"அதையும் ஏழு, எட்டு, பதினொண்ணுக்குப் போட்டுட்டல்லா."

அம்மா எழுந்து கை கழுவிவிட்டு வந்தாள். "நான் குளிப்பாட்டி வுடுதேன், பீ அள்ளுதேன், அதுல எல்லாம் பரவாத கிருமி சீப்புலதான் பரவுதாக்கும்? கையுற போட்டுத்தான எல்லாம் செய்யுதேன்."

"சீப்புக்கு யாரு கையுற மாட்டுறா?"

"வாய் நீண்டுருச்சு ஒனக்கு. லேபுல படிச்சுக் குடுத்தாவளா?" பிறகு குரலை உயர்த்தாமல் சொன்னாள். "நீ ஒருநாளும் தொட்டது கெடையாது. பெத்த அம்மைக்கே பதினோரு நாளு தொட்டது கெடையாது. நான் தொடுதேன். அதுதான் ஒனக்குக் கண்ணக் கரிக்கு."

நான் தட்டுகளை எடுத்து அடுக்கினேன்.

"டாக்டரம்மாட்ட சொன்னேன்னா நாளைக்கே கான்ட்ராக்ட்காரன் சீட்டக் கிழிச்சிருவான். என் சீட்ட மட்டும் இல்ல, ஒன் சீட்டையும். அது தெரியும்லா?"

"தெரியும்."

"தெரிஞ்சா வாய மூடிக்கிட்டு உறங்கு. அந்தப் பிள்ளைக்கு வேற சீப்பு வாங்கிக்கிடுதேன். போதுமா?"

போதும் என்று நினைத்தேன். படுத்தபிறகுதான் எண்ணெய்ப் புட்டியும், அவள் உள்ளங்கையில் எண்ணெயை ஊற்றித் தேய்ப்பதும், அதே கையால் புட்டியை மறுபடி எடுப்பதும், முதலில் ஏழிலிருந்து தொடங்குவதும் நினைவுக்கு வந்தன. அவளுக்கும் வந்திருக்கும். அவள் உறங்கவில்லை என்று தெரிந்தது.

ஜூன் 22, சனி

நான் எழுந்தபோது அம்மா போய்விட்டிருந்தாள். முதல் பஸ்ஸில் போயிருக்கிறாள். சோறு பொங்கி வைத்திருந்தாள்.

ஏழரைக்கு லேபைத் திறந்தேன். சாவி என்னிடம்தான். ஜெபசிங் அண்ணனின் மேசையில் விளக்கக் கடிதம் இருந்தது. பாதி எழுதி அடித்து, மறுபடி பாதி எழுதியிருந்தார். 'என் கவனக்குறைவால்' என்று தொடங்கியது.

பெட்டியைத் திறந்து பதின்மூன்றின் பிளேட்டை எடுத்தேன். அது என் வேலையில்லை. மூன்று ஸ்டிரிப்பும் முளைப்புக்குள் மூழ்கிக் கிடந்தன. மூன்றாவதை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். முட்டை வடிவம் எங்கேயும் இல்லை. பாக்கியவதி டீச்சரின் பிளேட் மாதிரியே இருந்தது.

டாக்டர் வர ஒன்பதரை ஆகும். ஐ.சி.யூ.வில் உடம்பு துடைப்பது ஏழு மணிக்கே முடிந்துவிடும், பிறகு பின்னல்தான். போன் செய்யலாம் என்று எடுத்தேன். டாக்டருடைய எண் சுவரில் ஒட்டியிருக்கிறது. நான்கு இலக்கம் அமுக்கிவிட்டு வைத்துவிட்டேன். போனில் எனக்குப் பேச வராது. தரையைத் துடைக்கலாம் என்று வாளியில் தண்ணீர் பிடித்தேன். துடைக்கவும் செய்தேன், பாதி அறை. மணி ஏழு ஐம்பது.

மாடிக்குப் போனேன்.

கண்ணாடிக்கு வெளியே ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தார். கையில் ஊதா நிற ரிப்பன், கடைக் காகிதத்தில் சுற்றியபடி. சொந்தக்காரர்கள் வர இன்னும் மூன்று மணி நேரம் இருக்கிறது. யார் அவரை விட்டார்களோ. என் சீருடையைப் பார்த்துவிட்டு, "இத உள்ள குடுத்துருதியளா? பத்தாம் பெட்டு. இன்னைக்குப் பின்னுதாவளாம்" என்றார். நான் வாங்கவில்லை. கண்ணாடி வழியாகப் பார்த்தேன்.

ஏழாம் படுக்கையில் இரட்டைச் சடை. எட்டில் இரட்டைச் சடை. பத்தில் கட்டிலைத் தலைப்பக்கம் உயர்த்தியிருந்தார்கள். அந்தப் பிள்ளை கண்ணைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. என்னைவிட நான்கைந்து வயதுதான் கூட இருக்கும். அம்மா பின்னால் நின்றாள். முடி ஈரமாக முதுகெல்லாம் பரந்து கிடந்தது. சொன்னபடியே வேறு சீப்பு வைத்திருந்தாள். அட்டையோடு கட்டிலில் கிடந்தது. எண்ணெய்ப் புட்டி பழையது. அதைச் சாய்த்து இடது உள்ளங்கையில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

கதவில் அனுமதி இல்லை என்று எழுதியிருக்கிறது. செருப்பைக் கழற்றினேன். கதவைத் தள்ளினேன். உள்ளே குளிர். மிஷின்கள் டிக் டிக் என்று சத்தம் போட்டன. மெர்லின் சிஸ்டர் மேசையிலிருந்து நிமிர்ந்து, "ஏ பிள்ள, எங்க வார? வெளிய நில்லு" என்றார்.

அம்மா திரும்பினாள். கையில் எண்ணெயோடு அப்படியே நின்றாள். வேண்டாம் என்பதுபோல் தலையை லேசாக அசைத்தாள். வேறு யாருக்கும் தெரிந்திருக்காது.

நான் சிஸ்டரைப் பார்த்துச் சொன்னேன். பதின்மூன்றாம் படுக்கை என்று எழுதியது நான்தான், அது சீப்பு, பெண்கள் வரிசைக்கெல்லாம் அதே சீப்பு, அதே எண்ணெய், அது எங்கள் அம்மாவோடது, அம்மாவுக்குத் தெரியாது, இப்போது பத்தாம் படுக்கையைத் தொட விடாதீர்கள் என்று.

சிஸ்டர் பேனாவைக் கீழே வைத்தார். "என்ன சொல்லுத? ஒண்ணுமே கேக்கல. சத்தமாச் சொல்லு."

அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் இரண்டு எட்டு முன்னால் போய் நின்று, முதலிலிருந்து மறுபடியும் சொன்னேன்.